பதிபரப்பு: பைக் டயர்க் கையேட்டுக்கு ஒரு சொல்

கலைச்சொல் குழுமத்து நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு மாற்று டயர் வாங்குவோருக்காக நாம் எழுதிவரும் கையேட்டில் ‘டயர்’, ‘ரிம்’, ‘ட்யூப்லெஸ்’ ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொள்வதென்று முன்பே முடிவாகிவிட்டதால், அவற்றை மறுபடியும் கிளற வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன். டயருக்குச் சொல்லப்படும் ‘உருளிப்பட்டை’மீது எனக்கு வெறுப்பு ஏதுமில்லை; ஆனால் சென்னையில் வண்டி உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டைக் கடையில் அந்தப் பெயரைச் சொல்லி எவரும் டயர் கேட்கப் போவதில்லை. இன்னும் பெயரில்லாமல் நிற்பது ‘காண்டாக்ட் பேட்ச்’ ஒன்றுதான். ஓடிக்கொண்டிருக்கும் டயரில் எந்தப் பகுதி அந்தக் கணத்தில் தரையோடு அழுந்தியிருக்கிறதோ, அந்தப் பகுதி அது. இதற்குத் ‘தொடர்பு ஒட்டு’, ‘தரைத்தடம்’, ‘தொடுபரப்பு’ என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. ‘பதிபரப்பு’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

முதல் இரண்டையும் விலக்குவது எளிது. டயர் பற்றிய கையேட்டில் ‘ஒட்டு’ என்று எழுதினால் படிப்பவர் பஞ்சர் ஒட்டைத்தான் நினைப்பார். ‘தடம்’ என்பதோ வண்டி கடந்துபோன பிறகு தரையில் எஞ்சுவது. பிரேக்கை இறுக்கிப் பிடித்தபோது சாலையில் விழும் கரிய கோட்டுக்கு அந்தச் சொல் நமக்குத் தேவைப்படும். அதை இப்போதே செலவழித்துவிடக் கூடாது.

‘தொடுபரப்பு’ அப்படி ஒதுக்கிவிடக் கூடியதன்று. அதை முன்மொழிந்த ஐயா, ‘தொடுகோடு’, ‘தொடுபுள்ளி’ என்ற பாடநூல் சொற்களோடு அது இயைந்து வருவதைச் சுட்டியிருந்தார். எனக்கு இடறுவதும் அந்த இயைபுதான். தொடுகோடு வட்டத்தை ஒரே ஒரு புள்ளியில் தொடுகிறது. அதனால் வட்டம் நெளிவதில்லை, கோடும் வளைவதில்லை. டயர் அப்படித் தரையைத் தொடுவதில்லை. மேலிருந்து வண்டியும் ஆளும் அழுத்த, உள்ளிருந்து காற்று எதிர்த்துத் தள்ள, இரண்டும் சமன்படும்வரை ரப்பர் தட்டையாகிக்கொண்டே போவதால் உண்டாகும் பரப்பு இது. எனவே டயர் கடையில் தொங்கும்போது இந்தப் பரப்பு அதில் இல்லை. எடையும் காற்றும் சேர்ந்துதான் அதை ஆக்குகின்றன. ‘தொடு’ என்ற வினையில் இந்த அழுத்தம் கிடையாது. ‘பதி’ என்பதில் அது தானாகவே இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பின்சக்கரத்தின்மேல் 130 கிலோ எடை விழுகிறது, டயரில் 32 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு) காற்று இருக்கிறது என்று கொள்வோம். 32 பிஎஸ்ஐ என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.25 கிலோ. 130ஐ 2.25ஆல் வகுத்தால் 58 சதுர சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். டயரின் சுவரே தாங்கிக்கொள்ளும் பங்கை இதில் விட்டுவிட்டோம் என்றாலும் அளவு புரிந்துவிடுகிறது: உள்ளங்கை அளவுகூட இராது. பிரேக், வளைவு, ஆக்சிலேட்டர் முறுக்கு என எல்லாமே முன்னும் பின்னுமாக இத்தகைய இரண்டு சிறு பரப்புகள் வழியாகத்தான் சாலைக்குப் போகின்றன.

இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்குமே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாற்று டயர் வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, ‘இதைவிட அகலமா ஒண்ணு போடலாமாண்ணே?’ என்பதே. அதே எடைக்கும் அதே காற்றழுத்தத்துக்கும் அகல டயரின் பரப்பு பெரிதாகக் கூடிவிடுவதில்லை. நீளம் குறைந்து அகலம் கூடி, அதன் உருவம்தான் மாறுகிறது. கேடிஎம் ஆர்சி 390இல் பின்பக்கம் வருவது 150/60 ஆர்17. அதாவது 150 மி.மீ. அகலம், அதில் 60 விழுக்காடு, அதாவது 90 மி.மீ., பக்கச் சுவரின் உயரம், ரேடியல் கட்டமைப்பு, 17 அங்குல ரிம். இந்த அளவுக்கு 4 அங்குல அகலமுள்ள ரிம் பொருந்தும். 5.5 அங்குல ரிம்முக்காக வடிவமைக்கப்பட்ட 180/55ஐக் கொண்டுவந்து அதே ரிம்மில் வம்படியாக ஏற்றினால், இரு ஓரங்களும் உள்ளே இழுபட்டு நடுமுதுகு கூம்பிவிடும். பார்ப்பதற்கு என்னவோ பெரிய வண்டி போலத்தான் இருக்கும். ஆனால் சாயும்போது பதிபரப்பு எங்கே, எந்த உருவில் அமைய வேண்டுமென்று டயரை வடிவமைத்தவர் வகுத்தாரோ அந்த ஏற்பாடு முற்றிலும் கெட்டுப்போயிருக்கும். இதே பத்தியைத் ‘தொடுபரப்பு’ என்ற சொல்லோடு எழுதிப் பாருங்கள். அகல டயர் அதிகம் தொடும் என்றே படிப்பவர் எண்ணுவார், ஏனெனில் தொடுவதற்கு அகலம் போதும். பதிவதற்கு எடை வேண்டும், சரியான காற்று வேண்டும்.

இந்த வினையை நாம் எங்கிருந்தும் இறக்குமதி செய்யவும் இல்லை. ‘வண்டி ரோட்டுல நல்லா பதிஞ்சு போகுது’ என்பது பைக் ஓட்டுவோரின் அன்றாடப் பேச்சு. காற்றை மிகையாக அடித்துக்கொண்டு வந்தால், ‘பதியவே மாட்டேங்குது, துள்ளுது’ என்று மெக்கானிக் சொல்வார். அவர் வாயில் ஏற்கெனவே உள்ள வினையோடு ஒரு பெயரைச் சேர்த்தால் போதுமென்றிருக்கும்போது, அகராதியைப் புரட்ட வேண்டிய தேவை எங்கே வருகிறது?

சொல் உழைக்கிறதா என்று பார்க்க இன்னொரு பத்தியையும் எழுதிப் பார்க்கிறேன். சென்னையின் நேர்ச்சாலைகளான ஓஎம்ஆரிலும் ஈசிஆரிலும் வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால், பதிபரப்பு எப்போதும் டயரின் நடுவிலேயே விழுந்து, நடுப்பகுதி மட்டும் தேய்ந்து சப்பையாகிறது. அந்த டயரோடு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கோ கொல்லிமலையின் 70 வளைவுகளுக்கோ போகிறவர் வண்டியைச் சாய்க்கும்போது, பதிபரப்பு அந்தச் சப்பையின் விளிம்பைத் தாண்டித் தோளுக்கு, அதாவது டயரின் ஓரப் பகுதிக்கு, நகர வேண்டியிருப்பதால், வண்டி முதலில் முரண்டு பிடித்து, பிறகு பொசுக்கென்று விழுவதுபோல் சாய்கிறது. வாரநாளில் அலுவலகம், விடுமுறையில் மலை என்று ஓட்டுபவருக்கு நடுவில் கடின ரப்பரும் தோள்களில் மென்ரப்பரும் கொண்ட இருகலவை டயரைப் பரிந்துரைப்பது இதனால்தான். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்துக்கென்றே செய்த மென்கலவை டயர் நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்கும், காடிகளும் (டயரில் வெட்டிய பள்ளங்களும்) அதில் குறைவு. ஐப்பசி அடைமழையில் வேளச்சேரிக்குப் போய்வர அது ஆகாது. காடிகள் வழியே நீர் வெளியேறாவிட்டால் ரப்பருக்கும் தாருக்கும் இடையில் நீர்ப்படலம் புகுந்து, பதிபரப்பே இல்லாமற் போய்விடும்.

இனி இலக்கணம். ஒருவர் ‘பதிப்பரப்பு’ என்று ஒற்று மிகுத்து எழுதியிருந்தார். இது வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு போல இதில் வல்லினம் மிகாது. பதிந்த பரப்பு, பதிகின்ற பரப்பு, பதியும் பரப்பு என மூன்று காலத்தையும் உள்ளடக்கி நிற்பது இந்த இடத்தில் வெகு பொருத்தம். மேலே சொன்ன 150/60 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.92 மீட்டர். 100 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு 14 முறைக்கு மேல் சுழல்கிறது. ரப்பரின் ஒவ்வொரு துண்டும் அத்தனை முறை பதிந்து, விடுபட்டு, மீண்டும் பதிகிறது. எந்தவொரு காலத்தோடும் நின்றுவிடாத பெயர்தான் இதற்குச் சரி.

‘வண்டிப் பதிவு’, ‘பதிவு எண்’ ஆகியவற்றோடு குழம்பாதா என்று கேட்டிருந்தார்கள். குழம்பாது, அவை தொழிற்பெயரிலிருந்து வருபவை, உருவமும் வேறு. யாழ்ப்பாணத்து அம்மா எழுப்பியது இதைவிட நல்ல கேள்வி. அங்கே ‘பரப்பு’ என்றாலே நில அளவை, 16 பரப்பு ஓர் ஏக்கர். எனவே ‘பதியிடம்’ என்று வைக்கலாமே என்கிறார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆயினும் ‘காற்றைக் கூட்டினால் பதிபரப்பு குறையும்’ என்று எழுத முடிவதுபோல் ‘பதியிடம் குறையும்’ என்று எழுத முடியவில்லை. இடம் மாறும், குறைவது பரப்புதான்.

‘இருகலவை’, ‘தோள்’, ‘காடி’ ஆகிய மூன்றையும் மேலே கேட்காமலே பயன்படுத்திவிட்டேன். அவற்றைத் தனி மடலில் எடுத்துக்கொள்வோம். ‘பதிபரப்பு’க்கு மறுப்புள்ளவர்கள், தமிழக அரசின் கலைச்சொல் தொகுப்பான சொற்குவைக்கு அனுப்புமுன் எழுதிவிடுங்கள். மாற்றுச் சொல் தருபவர்கள் அகல டயர் பற்றிய பத்தியை அந்தச் சொல்லைப் பெய்து முழுமையாக எழுதிக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
பெரம்பூரிலிருந்து