சீனி போடாத கடல்பாசி சாப்பிட்டாலும் சர்க்கரை ஏறுமா?

கீழக்கரைப் பெண்:
நோன்பு திறக்க எங்கள் வீட்டில் கடல்பாசி ஜெல்லி இல்லாமல் இருக்காது. உம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. அதனால் அவருக்கு மட்டும் பாலும் சீனியும் சேர்க்காமல், ரோஸ் எசன்ஸ் விட்டுத் தனிக் கிண்ணத்தில் ஊற்றிவைப்பேன். பிளஸ் ஒன் படிக்கிற மகள், "பாசியே கார்போஹைட்ரேட்தான், கேலக்டோஸ் சர்க்கரையால் ஆனது" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து உம்மா கிண்ணத்தைத் தொடுவதில்லை. நிஜமாகவே ஏறுமா?

மண்டபம் வாத்தியார்:
மகள் சொன்னது சரிதான். உம்மா பயப்படுவதுதான் அநாவசியம்.

சர்க்கரை ஏற வேண்டுமென்றால் சங்கிலி அறுந்து ஒற்றைச் சர்க்கரையாகி ரத்தத்துக்குள் போக வேண்டும். சோற்றில் இருக்கும் ஸ்டார்ச், குளுக்கோஸ் சங்கிலி. அதன் ஆல்ஃபா 1,4 பிணைப்பை எச்சிலிலும் கணைய நீரிலும் உள்ள அமைலேஸ் என்ற நொதி வெட்டிவிடும். கடல்பாசியை உறையவைக்கும் பொருளான அகரில் கேலக்டோஸும், அதன் இன்னொரு வடிவமான அன்ஹைட்ரோ கேலக்டோஸும் மாறி மாறி வருகின்றன. அதை வெட்டும் நொதி நம்மிடம் இல்லை. இவ்வளவு ஏன், பருத்தி நூலும் குளுக்கோஸ் சங்கிலிதான். பிணைப்பு மட்டும் பீட்டா என்ற வேறு வகை, நம் நொதியால் வெட்ட முடியாது என்பதால் வேட்டியைத் தின்று யாரும் பசியாறுவதில்லை.

பெரும்பாலான கிருமிகளுக்கும் அகர் செரிக்காது. 1881-82 வாக்கில் ஜெர்மனியில், கிருமி ஆராய்ச்சியாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் கிருமி வளர்க்க ஜெலட்டின் சரிப்படவில்லை. சூட்டில் உருகியது, சில கிருமிகள் அதையே கரைத்துவிட்டன. அகரைப் போட்டுப் பாருங்கள் என்று யோசனை சொன்னவர், அங்கே வேலை பார்த்த ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி. வீட்டில் ஜெல்லி செய்த அனுபவம்தான். இன்றும் லேபில் அதுதான்.

கீழக்கரைப் பெண்:
ஓ, அதனால்தான் நம் ஊர் வெயிலில் வெளியே வைத்தாலும் கடல்பாசி உருகுவதில்லையா?

மண்டபம் வாத்தியார்:
ஆமாம். ஆறும்போது சங்கிலிகள் இரண்டிரண்டாகப் பின்னிக்கொண்டு நடுவே தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். 40 டிகிரிக்குக் கீழே உறைந்தது மறுபடி உருக 85 டிகிரி வேண்டும். பாசிக்குள்ளும் செல்சுவரில் இதே வேலைதான்: அலை அடிக்கிற அடிக்கு ஒடியாமல் வளைந்து கொடுக்க வேண்டுமே.

சின்னப்பாலம்:
எல்லாப் பாசியும் இப்படி உறையாது. எங்கள் அம்மா விரலில் துணி சுற்றிக்கொண்டு, காலில் தகடு கட்டி முங்கி எடுக்கிற மரிக்கொழுந்துதான் அகருக்கு முதல் தரம். கஞ்சிப்பாசி அடுத்தது. கட்டக்கோரையைக் காய்ச்சினால் வழவழப்புதான் மிச்சம்.

மண்டபம் வாத்தியார்:
கட்டக்கோரையில் இருப்பது ஆல்ஜினேட், அது வேறு சங்கிலி. கால்சியம் சேர்ந்தால்தான் கெட்டியாகும்.

கீழக்கரைப் பெண்:
ரொம்ப நன்றி சார். வெறும் தண்ணீரில் காய்ச்சினால் சப்பென்று இருக்கிறதாம். இளநீர் விட்டுக் கொடுக்கலாமா?

மண்டபம் வாத்தியார்:
அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். இளநீரில் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், சுக்ரோஸ் மூன்றும் இருக்கின்றன, பாலில் லாக்டோஸ். பாசியைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அதில் என்ன ஊற்றுகிறீர்களோ அதை எடுங்கள். எவ்வளவு என்பதை உம்மாவைப் பார்க்கிற டாக்டரிடமே கேட்டுவிடுங்கள்.