அவரை மேடையில் பேச வைக்கலாமா?

கொட்டாஞ்சேனைக்காரி:
கொழும்பில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம். அங்கே ஆட்கடத்தல் பற்றி விழிப்புணர்வுக் கூட்டம் வைக்கப் போகிறோம். 2022இல் விசிட் விசாவில் ஓமானுக்கு அனுப்பப்பட்டு, கடவுச்சீட்டையும் பறிகொடுத்துத் திரும்பிய பெண் ஒருவர் எங்கள் லயத்திலேயே, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலேயே, இருக்கிறார். அவர் பேசினால்தான் சனத்துக்கு உறைக்கும் என்கிறது ஏற்பாட்டுக் குழு. எனக்கு மனம் ஒப்பவில்லை. அவரோ, "நீங்கள் சொன்னால் பேசுகிறேன், அக்கா" என்கிறார். என்ன செய்யலாம்?

வத்தளை வாசகன்:
பேசட்டுமே. துண்டுப்பிரசுரம் கொடுத்தால் வடை மடிக்கத்தான் உதவும்.

வெள்ளவத்தை அக்கா:
தம்பி, மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக் களத்தில் அவரை எல்லோரும் எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசித்தீர்களா? தங்கச்சி, "நீங்கள் சொன்னால்" என்பது உங்கள் மீதுள்ள மரியாதை, சம்மதம் அல்ல. அனுப்பிவைத்த தரகரும் பெரும்பாலும் தெரிந்தவராகவே இருப்பார். அவருடைய ஆட்கள் முன்வரிசையில் வந்து உட்காருவார்கள். வழக்கு நடந்தால், மேடையில் சொன்னதற்கும் வாக்குமூலத்துக்கும் ஒரு சொல் மாறினாலும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி விடமாட்டார்.

அவர் கதை இல்லாமலே சொல்ல நிறைய இருக்கிறது. விசிட் விசாவில் போய் வேலை செய்ய முடியாது. முகவர் நிலையத்தின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டு வாங்கி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து உறுதிப்படுத்தலாம். முற்பணத்தைப் பற்றி மட்டும் விரிவாகப் பேசுங்கள். போகும் முன்பே வீட்டுக்குக் காசு தருகிறார்களே, பெண் திரும்பி வரவேண்டும் என்றதும் அதைத் திருப்பிக் கேட்டுத்தான் மடக்குவார்கள். அந்தக் காசை எண்ணி வாங்குவது பல வீடுகளில் கணவன். கூட்டத்துக்கு ஆண்களைக் கூப்பிட்டீர்களா?

"விரும்பித்தானே விமானம் ஏறினாள்" என்று எவராவது முணுமுணுத்தால், 2006இல் திருத்திய தண்டனைச் சட்டக்கோவையைச் சொல்லுங்கள். ஏமாற்றிக் கொண்டுபோய்க் கட்டாய வேலை வாங்குவதும் அதன்படி ஆட்கடத்தல்தான்.

கொட்டாஞ்சேனைக்காரி:
நன்றி அக்கா. ஆண்களைக் கூப்பிடவில்லை, சம்பள நாளன்று மாலைக்குக் கூட்டத்தை மாற்றக் கேட்டிருக்கிறேன். "பேசாவிட்டாலும் எங்களுக்குக் கோபமில்லை" என்று அவரிடம் சொன்னேன். உடனே, "அப்படியென்றால் வேண்டாம்" என்றார். பிறகு அவர் கேட்டதெல்லாம் அடகுக் கடையில் கிடக்கும் காதுத் தோட்டைப் பற்றித்தான். வட்டி ஏறிக்கொண்டே போகிறதாம். பணியகத்தில் பதியாமல் போனதால் காப்புறுதியும் இல்லை. இப்படித் திரும்பியவர்களின் கடனுக்குக் கை கொடுக்கும் இடம் யாருக்காவது தெரியுமா?

வெள்ளவத்தை அக்கா:
பிரதேச செயலகத்தில் புலம்பெயர் தொழிலாளர்களைப் பார்க்கும் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். அடகுச் சீட்டையும் பயணச் சீட்டையும் எடுத்துக்கொண்டு முதலில் அவரிடம் போங்கள். அந்தப் பெண்ணைத் தனியாக அனுப்பாதீர்கள்.