கொழுக்க வைக்கும் பட்டியில் மாடு முன்கூட்டியே காட்டிய அறிகுறிகள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

தொட்டி பார்ப்பவர்:

எடை மேடையில் மாட்டை ஏற்றி எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்ப்பது எப்போதாவதுதான். அதற்குள் நல்லதோ கெட்டதோ நடந்து முடிந்திருக்கும். தீவனத் தொட்டி அப்படியில்லை, தினமும் சொல்லிவிடும். இறைச்சிக்காக மாடு கொழுக்க வைக்கும் பட்டிகளில் வேலை பார்க்கிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். கருவியும் கணக்கும் சொல்வதற்கு முன்னால் மாடே எதையாவது காட்டிக்கொடுத்த சம்பவம் இருந்தால் எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

விடிவதற்கு முன் ஒவ்வொரு பட்டியின் தொட்டியையும் பார்த்து, அன்றைக்கு எவ்வளவு கொட்டலாம் என்று முடிவு செய்வது என் வேலை. 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவோம். துடைத்து வைத்த மாதிரி இருந்தால் 0, அடியில் மெல்லியதாகப் பரவிக் கிடந்தால் 1, கொட்டியது கலையாமல் அப்படியே இருந்தால் 4. ஆனால் மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. தொட்டி காலி, மாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கின்றன என்றால் அளவு சரி. அதே காலித் தொட்டியின் மேல் கழுத்தை நீட்டி வரிசையாக நின்றால் பசி. இரண்டுக்கும் மதிப்பெண் 0தான்!

ஒரு தடவை இரவு முழுக்கக் காற்றும் மழையும். மாடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டி மூலையில் ஒட்டி நின்றன. தொட்டிப் பக்கமே வரவில்லை. காலையில் வானம் வெளுத்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் தொட்டிக்கு ஓடி வந்தன. அவை கடைசிக் கட்டத் தீவனத்தில் இருந்த மாடுகள். அதில் பெரும்பகுதி தானியம், நார்த்தீவனம் பத்தில் ஒரு பங்குதான். ஒரு நாள் பட்டினி கிடந்த மாட்டுக்கு அந்தத் தீவனத்தை வயிறு முட்டக் கொடுப்பது ஆபத்து. ஊறிப் போனதை அள்ளி வெளியே போட்டுவிட்டு, முதலில் வைக்கோல் போட்டோம். அப்புறம் வழக்கத்தைவிடக் குறைவான அளவை மூன்றாகப் பிரித்துக் கொடுத்தோம்.

எதிர் வரிசைப் பட்டிகளைக் கவனித்தவர் வேறு ஆள். அங்கே முழு அளவும் ஒரே நடையில் போனது. மறுநாள் அந்த வரிசையில் நடந்தபோது தரையைப் பார்த்தாலே தெரிந்தது. சாணம் வட்டமாகக் குவியாமல் சாம்பல் நிறத்தில் நீர்த்துக் கிடந்தது, மேலே நுரைக் குமிழ்கள், இடையிடையே செரிக்காத தானியம். தொட்டியில் பாதி அப்படியே மிஞ்சியிருந்தது. சில மாடுகள் பின்னங்காலால் வயிற்றை உதைத்துக்கொண்டிருந்தன.

புதிதாக வந்தவர்களுக்காகக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். தானியத்தின் மாவுச்சத்தை முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம்தான் மாட்டுக்கு ஆற்றல். அளவோடு வந்தால் இரைப்பைச் சுவர் அதை உறிஞ்சிவிடும். அசைபோடும்போது ஊறும் உமிழ்நீரும் அமிலத்தைத் தணிக்கும். ஒரேயடியாக வந்தால் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று காட்டும் எண்) 5.6க்குக் கீழே இறங்கும். இன்னும் கீழே 5ஐ நெருங்கினால் லாக்டிக் அமிலம் சுரக்கும் கிருமிகள் கை ஓங்கிவிடும், பிறகு மீட்பது கஷ்டம். லேசாகப் பாதித்த மாடும் ஒரு நாள் தின்னாமல் இருந்து, தேறியதும் அகோரப் பசியில் மறுபடி அதிகமாகத் தின்னும், மறுபடி விழும். பட்டி முழுவதும் இப்படி ஏறி இறங்க ஆரம்பித்தால் அடக்கப் பல நாள் ஆகும்.

கால்நடை மருத்துவர்:

அந்தச் சாம்பல் சாணத்தின் மறுமுனையை நான் இறைச்சிக்கூடத்தில் பார்க்கிறேன். அமிலம் இரைப்பைச் சுவரைப் புண்ணாக்கும். அந்தப் புண் வழியாக ஃபியூசோபாக்டீரியம் என்ற கிருமி இரத்தத்தில் கலந்து நேராக ஈரலுக்குப் போய்ச் சீழ்க்கட்டி ஆகிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. மாடு நடக்கும், தின்னும். எடை மட்டும் கூட வந்த மாடுகளைவிடப் பின்தங்கும். அறுத்த பிறகு ஈரலைத் திருப்பினால் முட்டை அளவுக்கு வெள்ளைக் கட்டிகள். அந்த ஈரல் எதற்கும் ஆகாது.

என் அனுபவம் இன்னொரு பக்கம். பட்டிக்கு வந்த முதல் சில வாரங்களில் மாட்டைக் கொல்வது பெரும்பாலும் நுரையீரல் நோய்தான். பயணக் களைப்பு, சந்தையில் பல மந்தைகளோடு கலப்பது, தாயைப் பிரிந்த கலக்கம், தூசி, தண்ணீர் மாற்றம் எல்லாம் சேர்ந்து உடம்பின் எதிர்ப்பைக் குறைக்கும். முதலில் வைரஸ் வரும். பிறகு, சாதாரணமாக மூக்கிலும் தொண்டையிலும் சும்மா இருக்கும் பாக்டீரியா நுரையீரலுக்குள் இறங்கும்.

அப்படி வந்திறங்கிய ஒரு கூட்டத்தில் சிவப்புக் காளை ஒன்று. வேலிக்கு வெளியே தூரத்தில் நின்று பார்த்தபோது தலை தாழ்ந்து காது தொங்கியிருந்தது. பசிக்குழி, அதாவது கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் உள்ள பள்ளம், உள்ளே ஒட்டிக் கிடந்தது. நான் கதவைத் திறந்ததுமே காதை நிமிர்த்திக்கொண்டு மற்ற மாடுகளோடு சேர்ந்து சுறுசுறுப்பாக நகர்ந்துவிட்டது. உடன் வந்த இளைஞர், "சார், இதுக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தானே ஓடுது" என்றார். பிடித்து வெப்பமானி வைத்தால் 41 டிகிரி செல்சியஸ். 38.5 சாதாரணம், 40ஐத் தாண்டினாலே சிகிச்சை தர வேண்டிய காய்ச்சல். வேட்டையாடப்படும் விலங்குக்கு நோயை மறைப்பது பிறவிக் குணம், ஆள் நெருங்கினால் நடிக்கும். அதனால் பட்டிக்குள் நுழையுமுன் சில நிமிடம் வெளியே அசையாமல் நின்று பாருங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். அன்றைக்கே மருந்து போட்டதால் அந்தக் காளை பிழைத்துக்கொண்டது.

மாடு இறக்குபவர்:

டாக்டர் சொன்ன முதல் வாரங்களைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். மேய்ச்சலிலேயே வளர்ந்த கன்றுகளில் பல தொட்டியையே பார்த்ததில்லை. குட்டையிலும் ஓடையிலும் குடித்துப் பழகியவை. நீண்ட பயணம் முடிந்து இறங்கியதும் தாகத்தோடு வேலியோரமாகவே சுற்றிச் சுற்றி நடக்கும். தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும், ஆனால் அதுதான் தண்ணீர் என்று அதற்குத் தெரியாது. நாங்கள் குழாயைத் திறந்து தொட்டி வழியும்படி விட்டுவிடுவோம். அந்தச் சத்தத்துக்கு ஒன்று வந்து மோந்து பார்க்கும். அது குடிக்க ஆரம்பித்தால் மற்றவையும் பின்னால் வரும்.

தீவனமும் அப்படித்தான். முதல் வாரம் உடல் எடையில் நூற்றுக்கு ஒரு பங்குகூடத் தின்னாதவை உண்டு. தேறிய மாடு இரண்டு பங்குக்கு மேல் தின்னும். நல்ல நீளமான புல்லைத் தொட்டியில் மேலாகப் போட்டு, அடியில் கொஞ்சம் கலவை. வேலியோரமாக நடக்கிற மாடு தற்செயலாகவே தொட்டியில் இடிக்கும், அதனால் தொட்டி வேலியோடு ஒட்டி இருப்பது பெரிய உதவி. அதன்பிறகு மூன்று நான்கு வாரத்தில் படிப்படியாகத் தானியத்தைக் கூட்ட வேண்டும். இங்கே அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதைத் தொட்டி அண்ணன் மேலே எழுதிவிட்டார்.

தீவன வண்டி ஓட்டுபவர்:

வெயில் காலத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? பகல் சூட்டைவிட எனக்குப் பயம் குளிராத இரவுதான். இரவில் உடம்பு ஆறினால் மாடு மறுநாளைத் தாங்கும். காற்றில்லாமல், புழுக்கமாக, இரவிலும் சூடு இறங்காமல் தொடர்ந்து சில நாள் போனால் கனத்த, கறுத்த மாடுகள்தான் முதலில் விழும். கொழுப்பு உடம்புச் சூட்டை வெளியே விடாது. விற்பனைக்குத் தயாராக நிற்கும் மாடு அதிகம் சாவது இதனால்தான். வயிற்றெரிச்சலாக இருக்கும்.

அறிகுறி மூச்சில் இருக்கிறது. முதலில் விலா வேகமாக ஏறி இறங்கும். பிறகு எச்சில் ஒழுகும். வாயைத் திறந்து நாக்கை நீட்டிவிட்டால் நேரம் ரொம்பக் குறைவு. அந்த மாதிரி நாட்களில் பெரும்பங்குத் தீவனத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றிவிடுவோம். தின்ற நான்கிலிருந்து ஆறு மணி நேரத்தில் செரிமானச் சூடு உச்சத்துக்கு வரும். காலையில் முழு அளவு கொடுத்தால் அது நண்பகல் வெயிலோடு சேர்ந்துகொள்ளும். சூட்டில் துவண்ட மாட்டை ஒரு பட்டியிலிருந்து இன்னொன்றுக்கு ஓட்டவே கூடாது. தண்ணீர் தெளிப்பதானால் தோல் நனையும்படி பெரிய துளியாக விழ வேண்டும். மென்தூறல் காற்றில் ஈரப்பதத்தை ஏற்றிப் புழுக்கத்தைத்தான் கூட்டும்.

புதிய உறுப்பினர்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பட்டியில் திடீரென்று ஒரு மாட்டின் இடதுபக்கப் பசிக்குழி முதுகெலும்பையும் தாண்டி மத்தளம் மாதிரி வீங்கியது. குழாய் விட்டோம், காற்று வெளியே வரவில்லை, நுரைதான் வந்தது. எண்ணெய் ஊற்றிய பிறகு தணிந்தது. ஏன் ஒரு மாட்டுக்கு மட்டும்?

கால்நடை மருத்துவர்:

தம்பி, அது நுரை உப்புசம். தானியம் மாவாக அரைபட்டால் இரைப்பைக்குள் கெட்டியான நுரை உண்டாகும். நுரையை ஏப்பமாக விட முடியாது. ஒரு மாட்டுக்கு மட்டும் வந்ததற்கு, அது கலவையில் உள்ள மாவை மட்டும் பொறுக்கித் தின்றிருக்கலாம். தொட்டியின் அடியில் நாரெல்லாம் ஒதுங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் நாரை இன்னும் குட்டையாக நறுக்குங்கள். கழிவுப்பாகோ தண்ணீரோ கொஞ்சம் சேர்த்தால் கலவை ஒட்டிக்கொள்ளும்.

மோனென்சின் கலந்த தீவனம் உங்களிடம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. 1970களிலிருந்து பல பட்டிகளில் தீவனத்தை நன்றாகப் பயன்படுத்தச் செய்வதற்காக மாட்டுக்குக் கொடுத்துவரும் பொருள் அது. ஆனால் குதிரைக்கு அது விஷம், சிறிதளவே உயிரைப் பறிக்கும். பட்டியைச் சுற்றிவரக் குதிரை வைத்திருப்பவர்கள் அந்தத் தீவனப் பக்கம் அதை அண்ட விடவே கூடாது.

பட்டி நடத்துபவர்:

ஓட்டிச் செல்லும் பாதையைப் பற்றிச் சொல்கிறேன். தடுப்புப் பாதையில் ஒரே இடத்தில் மாடுகள் நின்றுவிடும். கம்பெடுத்தார்கள், கத்தினார்கள், பலனில்லை. கடைசியில் ஒருவர் குனிந்து மாட்டின் கண் உயரத்தில் அந்தப் பாதையிலேயே நடந்து பார்த்தார். வாசலில் ஒரு சங்கிலி தொங்கிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கழற்றியதும் மாடுகள் தானாகவே போயின. கால்நடைகளின் நடத்தையை ஆராயும் அமெரிக்க விஞ்ஞானி டெம்பிள் கிராண்டின் பல வருடங்களாகச் சொல்லிவருவது இதுதான்: நிழல், மின்னும் தண்ணீர்த் தேக்கம், தொங்கும் சட்டை, எதிரில் தெரியும் ஆள் எல்லாம் மாட்டைத் தடுக்கும். மாட்டின் தோளுக்குப் பின்னால் நாம் நின்றால் அது முன்னே போகும், தோளுக்கு முன்னால் நின்றால் பின்வாங்கும். அடித்து ஓட்டிய மாட்டின் தசை கன்றிப்போகும், கறி கறுத்துவிடும். இத்தனை மாதம் பார்த்துப் பார்த்துத் தீனி போட்டது கடைசி நாளில் வீணாகும்.

தொட்டி பார்ப்பவர்:

கடைசி நாள் என்றதும் இது நினைவுக்கு வந்தது. எப்போது மாடு தயார் என்று பலர் எடையை மட்டும் வைத்து முடிவெடுக்கிறார்கள். எடை இனத்துக்கு இனம் மாறும். சிறிய உடம்புக்காரன் சீக்கிரம் கொழுப்பான், பெரிய எலும்புச்சட்டம் கொண்டவன் இன்னும் தசையே வளர்த்துக்கொண்டிருப்பான். நான் மாட்டைப் பின்னாலிருந்து பார்ப்பேன். வாலின் அடியில் இருபுறமும் கொழுப்பு திரண்டிருக்கிறதா, முன்மார்பு நிறைந்து நடக்கும்போது ஆடுகிறதா, தொடைக்கு முன்னால் உள்ள தொங்கல் பருத்திருக்கிறதா என்று பார்ப்பேன். இதெல்லாம் தெரிந்த பிறகும் வைத்திருந்தால் தின்பது கொழுப்பாகத்தான் ஏறும். தசையில் முக்கால் பங்கு தண்ணீர், கொழுப்பில் தண்ணீர் சொற்பம். அதனால் ஒரு கிலோ கொழுப்பு ஏற்ற ஆகும் தீவனம் ரொம்ப அதிகம். ஆரம்பத்தில் ஆறேழு கிலோ உலர்தீவனத்துக்கு ஒரு கிலோ ஏறிய மாடு, முடிவில் அதைவிட எவ்வளவோ அதிகம் கேட்கும்.

ஒரு பட்டியில் இப்படிக் கொழுத்தவற்றை மட்டும் பிரித்து, ஊசி போட்டவற்றுக்கு மருந்து விலகும் நாள் (மருந்து உடம்பை விட்டுப் போகும்வரை அறுக்காமல் காத்திருக்க வேண்டிய காலம்) முடிந்துவிட்டதா என்று ஏட்டில் சரிபார்த்து, முதலில் அனுப்பினோம். மிஞ்சியவை பின்தங்கியவை, தேறாது என்றே எல்லோரும் நினைத்தார்கள். மறுநாள் காலை தொட்டியைப் பார்த்தால் துடைத்த மாதிரி இருந்தது. தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால், முழுக்கூட்டம் தின்றதைவிட இவை அதிகம் தின்றிருந்தன. அதுவரை முட்டித் தள்ளும் பெரிய மாடுகளுக்குப் பயந்து, அவை தின்று முடித்த மிச்சத்தைத்தான் தின்று வந்திருக்கின்றன. எண்ணிக்கை குறைந்ததும் ஒவ்வொன்றுக்கும் தொட்டியில் தலை நீட்ட இடம் கிடைத்தது. அந்த வாரம் முழுக்க அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம்.