கடன் அடைந்துவிட்டது, சந்தோஷம் ஏன் வரவில்லை?

கேள்வி

அப்பாவின் சிகிச்சைக்கு வாங்கிய கடனை ஏழு வருடம் கட்டினேன். போன மாதம் கடைசித் தவணை. மாதாமாதம் பாக்கி எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வருவது வழக்கம். அன்று ராத்திரி சைபர் எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. நோட்டை மூடிவிட்டுப் படுத்துவிட்டேன்.

இப்போது சம்பளத்தில் பாதி கையில் நிற்கிறது. ஆனாலும் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் வயிற்றைக் கலக்குகிறது. வீட்டுக்கு வந்ததும் போனைக் கவிழ்த்து வைக்கும் பழக்கமும் போகவில்லை. "இன்னும் என்ன கவலை?" என்று மனைவி கேட்கிறாள். பணத்தால் சந்தோஷம் வராது என்பது உண்மைதானா? அப்படியென்றால் ஏழு வருடம் எதற்காக ஓடினேன்?

பதில் 1

மனசு எதற்கும் பழகிவிடும் நண்பரே. பிரிக்மன் என்ற உளவியலாளரின் குழுவினர் லாட்டரியில் பெரிய தொகை விழுந்த 22 பேரிடம் பேசி, 1978-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நண்பரோடு பேசுவது, காலையில் சாப்பிடுவது, நகைச்சுவை கேட்பது போன்ற அன்றாட விஷயங்களில் அவர்களுக்குக் கிடைத்த இன்பம் மற்றவர்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. பணத்திடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

பதில் 2

மேலே சொன்னவரோடு எனக்கு உடன்பாடில்லை. 22 பேரை வைத்து இத்தனை பெரிய முடிவுக்கு வர முடியாது. ஸ்வீடனில் லாட்டரி வென்ற ஆயிரக்கணக்கானோரை ஆராய்ந்து 2020-ல் ஒரு கட்டுரை வந்தது. பெரிய பரிசு பெற்றவர்களுக்கு வாழ்க்கையைப் பற்றிய திருப்தி பத்து வருடத்துக்கு மேலும் குறையாமல் இருந்தது. அன்றாடச் சந்தோஷம் மட்டும் அந்த அளவுக்கு ஏறவில்லை. இரண்டும் வேறு வேறு.

கானமன், டீட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010-ல், வருடம் 75,000 டாலருக்கு மேல் வருமானம் போனாலும் அன்றாட மனநிலை மேம்படுவதில்லை என்றார்கள். 2021-ல் கில்லிங்ஸ்வொர்த் என்ற இன்னொரு ஆய்வாளர், அப்படி எல்லை எதுவும் இல்லை என்றார். அப்புறம் கானமனும் அவரும் சண்டை போடாமல், மெல்லர்ஸ் என்பவரை நடுவராக வைத்துக்கொண்டு ஒன்றாக உட்கார்ந்து கணக்கைப் பார்த்தார்கள். 2023-ல் முடிவு வந்தது: பெரும்பாலானவர்களுக்கு வருமானத்தோடு சந்தோஷமும் ஏறுகிறது. ஏற்கெனவே ஆக வருத்தத்தில் இருக்கும் ஐந்தில் ஒரு பங்கினருக்கு மட்டும் சுமார் ஒரு லட்சம் டாலரோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் அவர்களை வாட்டுவதைப் பணத்தால் தீர்க்க முடிவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. தான் முன்பு சொன்னதைத் திருத்திக்கொள்ள எத்தனை பேர் முன்வருவார்கள்?

பதில் 3

தம்பி, ஆய்வெல்லாம் இருக்கட்டும். உங்கள் போன் விஷயத்துக்கு வருகிறேன். நானும் கடனில் கிடந்து எழுந்தவள். முடிந்த பிறகும் ஒன்றரை வருடம் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு நின்றுவிடுவேன். கடன் ஒரே நாளில் முடிந்துவிடும். பயம் அப்படி முடியாது, அதற்கும் தவணை உண்டு.

ஒரு ஆய்வை மட்டும் நானும் சொல்கிறேன். 2013-ல் வெளிவந்தது அது. கரும்பு விவசாயிகள் 464 பேருக்கு, அறுவடைக்கு முன் கை வறண்டிருந்தபோதும் அறுவடைப் பணம் வந்த பிறகும் புதிர்கள் கொடுத்துப் பார்த்தார்கள். அதே ஆட்கள்தான், பணம் வந்த பிறகு நன்றாகப் போட்டார்கள். பணக்கவலை அறிவில் ஒரு பகுதியைத் தின்றுகொண்டிருக்கும் என்பதைப் படித்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த வருடங்களில் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்ததற்கு என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் சந்தோஷத்துக்காக ஓடவில்லை, அப்பாவுக்காக ஓடினீர்கள். அப்பா எப்படி இருக்கிறார்?

கேட்டவர்

அக்கா, அப்பா நன்றாக இருக்கிறார். நீங்கள் கேட்ட பிறகுதான், கடன் முடிந்ததை அவரிடம் சொல்லவே இல்லை என்பது உறைத்தது. கடன் வாங்கியதே அவருக்குத் தெரிய வேண்டாம் என்று மறைத்து வைத்திருந்தோம். நேற்று நோட்டை அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். கடைசிப் பக்கம் வர அரை மணி நேரம் ஆனது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். போன் எங்கே இருந்தது என்றுகூட நினைவில்லை.