டார்வினை எல்லா மதங்களும் எதிர்த்தனவா?

லயத்துப் பையன்:
சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயிலில் நேற்று கூழ் ஊற்றினார்கள். சொம்பைக் கையில் பிடித்தபடியே இரண்டு மாமாக்களுக்குள் வாக்குவாதம். உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறி வந்தவை என்று சொன்ன டார்வினை சர்ச் விரட்டிவிட்டது என்கிறார் ஒருவர், நம் தசாவதாரத்திலேயே எல்லாம் இருக்கிறது என்கிறார் இன்னொருவர். எது சரி?

பால்வெட்டுக்காரர் மகள்:
விரட்டவெல்லாம் இல்லை அண்ணே. 1882-ல் அவர் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்துக்குள்தான் அடக்கம் செய்தார்கள். 1860-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பிஷப் வில்பர்ஃபோர்ஸ் எதிர்த்துப் பேசினார், உண்மைதான், ஆனால் கிங்ஸ்லி என்ற பாதிரியார் டார்வினின் புத்தகம் வந்த 1859-லேயே பாராட்டிக் கடிதம் போட்டுவிட்டார். கத்தோலிக்கச் சபை மெதுவாக வந்தது: 1950-ல் மனித உடலின் தோற்றத்தை ஆராயலாம், ஆன்மா கடவுள் தந்தது என்றார் போப். பெரிய ரகளை அமெரிக்காவில்தான். 1925-ல் டென்னசியில் இந்தக் கொள்கையைப் பாடம் நடத்திய வாத்தியாருக்கு 100 டாலர் அபராதம், அப்புறம் மேல்முறையீட்டில் அது ரத்தானது.

கம்பத்துக்காரன்:
தசாவதார மாமாவுக்கு ஒன்று சொல்லுங்கள். மீன், ஆமை, பன்றி என்று வரிசை பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அங்கே இறங்கி வருவது ஒரே பெருமாள், மீன் தலைமுறை தலைமுறையாக மாறி ஆமையாகவில்லையே! புல், புழு என்று பிறந்து இளைக்கிற மாணிக்கவாசகர் கதையும் அப்படித்தான், அது உயிரின் பயணம்.

லயத்துப் பையன்:
சரி, அடுத்த கூழுக்கு இதைக் கொண்டுபோகிறேன். அடி விழுந்தால் நீங்கள்தான் பொறுப்பு.

கம்பத்துக்காரன்:
இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டார்வினோடு இதே கொள்கையைக் கண்ட வாலஸ் 1854-ல் நம் குனுங் லேடாங் மலையில் ஏறியவர். அதற்கு முன் சிங்கப்பூர் புக்கிட் தீமாவில் வண்டு பிடித்தபோது தங்கியது ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் வீட்டில்.