'சென்னா' தொடர்: ஆறாவது கியரிலேயே ஓட்டி முடிக்க முடியுமா?

சாட்ஸ்வர்த்_வாசகி:
பிரேசில் ஃபார்முலா 1 ஓட்டுநர் அயர்டன் சென்னாவைப் பற்றி நெட்ஃபிளிக்ஸில் 2024 நவம்பரில் வந்த 'சென்னா' ஆறு பாகமும் பார்த்தாச்சு. சென்னாவாக வரும் கேப்ரியல் லியோனி நடிப்பு அருமை. ஒரு சந்தேகம். 1991 பிரேசில் பந்தயத்தில் கியர் ஒவ்வொன்றாகப் போய் கடைசியில் ஆறாவது மட்டும் மிஞ்சியது என்கிறார்களே, அது நடக்கக்கூடியதுதானா? மெதுவான வளைவில் எஞ்சின் அணைந்துவிடாதா?

லெனேசியா_கியர்:
நடந்ததுதான் அக்கா. அந்த மெக்லாரன் எம்பி4/6 காரில் ஹோண்டா வி12 எஞ்சின், கையால் மாற்றும் ஆறு கியர். பந்தயக் கியர்பாக்ஸில் கியரைப் பிடித்துக்கொள்வது பக்கவாட்டில் இருக்கும் தடித்த பற்கள். அவற்றின் முனை மழுங்கினால் முழு ஆக்ஸிலரேட்டரில் பிடி நழுவி, லீவர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளும். அதனால்தான் ஒரு கையால் லீவரை அழுத்திப் பிடித்து, மறு கையால் ஸ்டியரிங். பவர் ஸ்டியரிங்கும் கிடையாது. தோளும் கையும் மரத்துப்போகாமல் என்ன செய்யும்? உடைந்த துணுக்கு ஆயிலில் சுற்றி அடுத்த கியரையும் கடிக்கும், ஒன்றன்பின் ஒன்றாகப் போவது இப்படித்தான்.

எஞ்சின் அணைவதைப் பற்றிக் கேட்டீர்கள். ஆறாவதில் 300 கிலோமீட்டர் வேகத்துக்கு எஞ்சின் நிமிடத்துக்கு 13,000 சுற்று என்று வைத்துக்கொண்டால், 75-க்கு வரும்போது 3,250தான். அணையாது, ஆனால் அந்தச் சுற்றில் இழுவையே இருக்காது. ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் திணறும். மெல்ல மெல்லத்தான் கொடுக்கணும். இதைவிடக் கஷ்டம் வளைவுக்குள் போகும்போது. கியர் இறக்கினால் கிடைக்கும் எஞ்சின் பிரேக்கிங் இல்லாததால் வண்டி முன்னால் தள்ளிக்கொண்டே போகும், எல்லாப் பாரமும் பிரேக் மேல் விழும்.

மாரிட்ஸ்பர்க்_டிராக்:
தம்பி சொன்னது சரி. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. போட்டி ஓட்டுநர் மான்செல் சென்னாவைத் துரத்திக்கொண்டு வந்தார், அவர் கியர்பாக்ஸும் போய் வெளியேறினார். இரண்டாவதாக வந்த பத்ரேசேக்கும் கியர் தொல்லை. சென்னாவுக்கும் அவருக்கும் வித்தியாசம் 3 விநாடிக்கும் கொஞ்சம் குறைவு. கடைசியில் மழை வேறு. ஈரத்தில் உயர்ந்த கியர் ஓரளவு உதவும், பின்சக்கரம் சும்மா சுழலாது.

அந்தப் பந்தயத்தின் அசல் கேமரா பதிவு கிடைத்தால் சத்தத்தை மட்டும் கேளுங்கள். கியர் மாறும் வண்டியில் சத்தம் ஏறி, விழுந்து, மறுபடி ஏறும். ஒரே கியரில் அடியிலிருந்து ஒரே இழுப்பாக மெதுவாக ஏறும். எனக்கு நடிப்பைவிட அந்தச் சத்தம்தான் உலுக்கியது.

சாட்ஸ்வர்த்_வாசகி:
ரொம்ப நன்றி. சென்னாவின் முதல் புள்ளி நம்ம தென்னாப்பிரிக்கக் கயாலாமி பந்தயத் தடத்தில்தானா?

லெனேசியா_கியர்:
ஆமாம், 1984 ஏப்ரல் 7. அவருக்கு அது இரண்டாவது கிராண்ட் பிரிக்ஸ். டோல்மன் காரின் மூக்குப் பகுதி சேதமாகியும் 75 சுற்றில் 72 ஓட்டி ஆறாம் இடம். அப்போது ஆறாமவருக்கு ஒரு புள்ளி.

கயாலாமி சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடலோர டர்பனில் இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு, டர்போ இல்லாத எஞ்சின் பலமும் அந்த அளவுக்கு இறங்கும். டோல்மனில் இருந்தது ஹார்ட் டர்போ, 1.5 லிட்டர், நாலு சிலிண்டர். மெல்லிய காற்றை டர்போ அமுக்கிச் சரிசெய்துவிடும், ஆனால் அதற்குக் கூடுதல் வேகத்தில் சுழலணும். காற்றும் அதிகம் சூடாகும். டர்போ கார்களுக்கு அங்கே பலம் குறைவதைவிட உஷ்ணம்தான் பெரிய எதிரி.