அம்பாசடர் எஞ்சின் பிளாக்கை வீட்டிலேயே பிரித்த அனுபவம்

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தடுமாறாமல் ஏறிக்கொண்டிருந்த எங்கள் பழைய பெட்ரோல் அம்பாசடர், ஒரு கட்டத்தில் பாதி மலை தாண்டுவதற்குள் கொதிக்கத் தொடங்கியது. ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தும் பலனில்லை. ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும்; ஆகவே, சமவெளியில் ஒளிந்திருக்கும் குறையும் மலையில் வெளியே வந்துவிடுகிறது. எண்ணெயும் குறைந்துகொண்டே வந்ததால், சேலம் கோரிமேட்டில் உள்ள எங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே எஞ்சினை இறக்கிப் பிளாக் (சிலிண்டர்கள் அமைந்த அடிப்பாகம்) வரை பிரித்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

இதை வீட்டில் செய்யத் துணிந்ததற்குக் காரணம் அந்த எஞ்சினின் எளிமைதான். பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்தின் பி வரிசையைச் சேர்ந்த, 1489 சி.சி. கொள்ளளவுள்ள வார்ப்பிரும்பு எஞ்சின் அது. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் பிளாக்கினுள்ளேயே இருக்கிறது. புஷ் ராடுகள் எனும் தள்ளுதண்டுகள் வழியாக வால்வுகளை இயக்குகிறது. எலக்ட்ரானிக்ஸ் என்று எதுவும் கிடையாது. எஞ்சினைத் தூக்கும் சங்கிலிக் கப்பியான செயின் பிளாக்கை மட்டும் வாடகைக்கு எடுத்து, கனமான இரும்புக் குழாய்களால் ஆன முக்காலியில் தொங்கவிட்டோம். கொட்டகையின் கூரைக் கொக்கியை இதற்கு நம்பக் கூடாது.

பிளாக்கின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றும்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வால்வுகளை அழுத்தும் ராக்கர்களைத் தாங்கும் ராக்கர் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. அவற்றை மட்டும் தனியே தளர்த்தினால் ஹெட்டின் மீதான அழுத்தம் ஒருபக்கமாகி, அது வளைய வாய்ப்புண்டு. தண்ணீரும் சிலிண்டருக்குள் இறங்கக்கூடும். ஆகையால், முதலில் தண்ணீரை வடித்துவிட்டு, எஞ்சின் முற்றிலும் ஆறிய பின், எல்லா ஹெட் நட்டுகளையும் வரிசைப்படி சிறிது சிறிதாகவே தளர்த்த வேண்டும். புஷ் ராடுகளை ஓர் அட்டையில் துளையிட்டு, வந்த வரிசையிலேயே செருகி வைத்தோம். பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளின் மூடிகளை மாற்றிப் பூட்டவே கூடாது என்பதால், ராடிலும் மூடியிலும் சென்டர் பஞ்சால் புள்ளிகள் குத்தி அடையாளம் இட்டோம். பிஸ்டனை மேலே தள்ளும்போது கிராங்கில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கும் முன்பாக, சிலிண்டரின் மேல் விளிம்பில், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் எட்டாத இடத்தில் தேயாமல் நின்றிருக்கும் படியை எடுத்துவிட வேண்டும்; இல்லையென்றால் ரிங் அதில் மாட்டி, பிஸ்டனே உடைந்துவிடக்கூடும்.

கொதிப்பிற்கான விடை, பிளாக்கின் பக்கவாட்டில் பின்புறமாக இருந்த வடிகுழாயில் கிடைத்தது. தண்ணீரை வடிப்பதற்காக அதைத் திறந்தபோது ஒரு சொட்டுக்கூட வரவில்லை. கம்பியை விட்டுக் குத்திய பிறகே துருவும் சுண்ணாம்பும் கலந்த செந்நிறச் சேறு மெல்ல வழிந்தது. பிளாக் வெளியே வந்ததும் அதன் பக்கவாட்டுத் துளைகளை அடைக்கும் தகட்டு மூடிகளான கோர் பிளக்குகளைத் தட்டி எடுத்துப் பார்த்தோம். பம்பை ஒட்டிய முதல் சிலிண்டரைச் சுற்றி ஓரளவு சுத்தமாக இருந்தது; நான்காவது சிலிண்டரைச் சுற்றியோ சேறு இறுகிப் பாதி உயரத்துக்கு நின்றது. பம்ப் முன்பக்கம் இருப்பதால், தண்ணீரின் வேகம் குறையும் பின்பக்கத்தில்தான் வண்டல் படிகிறது. ஆண்டுக்கணக்கில் போர்வெல் தண்ணீரை அப்படியே ரேடியேட்டரில் ஊற்றி வந்ததன் விளைவு அது. புது ரேடியேட்டரால் இதற்கு என்ன செய்துவிட முடியும்?

வீட்டு வேலை அத்துடன் முடிந்தது. போரை, அதாவது சிலிண்டரின் துளையை, அளப்பதும் அறுத்துப் பெரிதாக்குவதும் பட்டறைக்கு உரிய வேலைகள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் நான்காவது சிலிண்டருக்குள் விரலை ஓட்டிவிட்டு, “தம்பி, இதுக்கு கேஜே வேண்டாம், கைக்கே தெரியுது” என்றார். ஆனாலும் டயல் கேஜை வைத்து மேலும் கீழும், நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அளக்காமல் விடவில்லை. புது நிலையில் 73.025 மில்லிமீட்டர் விட்டமுள்ள போர், மேல் ரிங் வந்து நிற்கும் இடத்தில், பிஸ்டன் பக்கவாட்டில் அழுத்தும் திசையில்தான் அதிகம் தேய்ந்திருந்தது. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறைகளில் ‘தௌ’ என்பார்கள். 20 தௌ ஓவர்சைஸுக்கு (அந்த அளவு பெரிய பிஸ்டனுக்கு)த் தேய்மானம் அடங்காது என்று சொல்லி, 40 தௌவுக்கு நான்கு போர்களையும் அறுத்தார். பிஸ்டன்களைக் கையில் கொடுத்த பிறகே போரைத் தொடுவேன் என்று அவர் பிடிவாதமாக நின்றதை நான் பெரிதும் மதிக்கிறேன். அவற்றை அளந்துதான் பிஸ்டனுக்கும் போருக்கும் இடையிலான இடைவெளியை அவர் முடிவு செய்தார்.

பின்பக்கம் எண்ணெய் சொட்டுவதையும் இதோடு நிறுத்திவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: இந்த எஞ்சினில் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது, எண்ணெயை உள்ளே திருப்பிவிடும் திருகுவரிதான் உண்டு. சிறிது கசிவு இருந்துகொண்டேதான் இருக்கும்.

காஸ்டிக் சோடாக் கரைசல் தொட்டியில் பிளாக்கைக் கழுவி, புதுக் கோர் பிளக்குகள் அடித்து, டிஸ்டில்டு வாட்டருடன் கூலண்ட் கலந்து ஊற்றியிருக்கிறோம். முதல் ஆயிரம் கிலோமீட்டர் முடியும்வரை மலைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று பெரியவர் சொல்லியிருப்பதால், வண்டி இப்போதைக்கு ஓமலூர் சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறது.